பின்கதவுக் கல்

7 ஜூன் 2023, புதன்கிழமை. தென்காசி.

காலை 5.10க்கு எழுந்தேன். சாரல் இன்னும் தொடங்கவில்லை. காற்று மட்டும் முந்திக்கொண்டது. பின்கதவு இருமுறை அடித்தது. உலகம்மாள் வழக்கம்போல் முட்டுக்கல்லைக் காலால் தள்ளிக் கதவை நிறுத்தினாள். கல்லைக் கையால் எடுத்து வைக்கவேண்டும் என்று 2009 பிப்ரவரியில் இவ்வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் சொல்லி வருகிறேன். மனைவிக்குக் காதுகள் நன்றாகவே கேட்கின்றன.

11.20க்கு மின்னஞ்சல் ஒன்று. அனுப்பியவர் முனைவர் ஹமீதா பானு. சென்னையில் பேராசிரியர், சொந்த ஊர் கடையநல்லூர். இமயத்தின் தாரிகோட் பிளவு பற்றி ஆய்வு செய்கிறாராம். 1981இல் நிலவியல் ஆய்வகத்தில் நான் செய்த ஸ்லைடும் அது சீவப்பட்ட கல்லின் மறுபாதியும் வேண்டும் என்கிறார். இக்காலக் கருவிகளைக் கொண்டு படிகத்தின் ஒவ்வொரு வளையத்துக்கும் வயது காணலாமாம். 1984ஆம் ஆண்டு வெளியான என் கட்டுரையை ‘அடித்தளம்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். சொல் பொருத்தமானதே.

மதியச் சாப்பாட்டின்போது உலகம்மாள் சொன்னாள்: “தம்பி லிங்கம் கனடாவுக்கே போறானாம். மகன் டிக்கெட் எடுத்துட்டான். இனிமே அங்கதான். ஜூலை இருபத்தெட்டு.”

“வெள்ளிக்கிழமை” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“வேறென்ன? அன்று வெள்ளிக்கிழமைதான்.”

அவள் எனக்கு மோர் ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன்.

9 ஜூன் 2023, வெள்ளிக்கிழமை

ஸ்லைடுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். பின்னாளில் இதைப் படிப்பவர் எவராயினும் அவருக்காகச் சிறு விளக்கம்.

மலை ஒரு நாளில் எழுவதில்லை. பூமிக்கடியில் ஒரு பிளவின் இருபுறமும் பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்கின்றன. அந்த நசுக்கலுக்கு நடுவே கார்னெட் என்னும் சிவந்த படிகம் வளர்கிறது. நம் தென்கடற்கரை மணலில் மின்னுவதும் அதுவே. வளரும்போதே அது உருள்கிறது. உருளும்போதே சுற்றிலும் உள்ள துகள்களைத் தன்னுள் வரிவரியாக அடக்கிக்கொள்கிறது. கல்லை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால் படிகத்துக்குள் ஒரு சுருள் தெரியும். மேற்கிலிருந்து பார்க்கையில் சுருள் வலஞ்சுழியானால், வடக்குப் பாறை தெற்குப் பாறையின்மேல் ஏறியிருக்கிறது. இடஞ்சுழியானால், சரிந்து இறங்கியிருக்கிறது. ஒரு மலையின் வரலாறு இந்த ஒரு சுழியில் இருக்கிறது.

இந்தக் கல் 6.10.1981, செவ்வாய்க்கிழமை, ஓர் ஓடைக்கரையில் எடுக்கப்பட்டது. உடன் இருந்தவர் குற்றாலலிங்கம். உலகம்மாளின் தம்பி, என் ஆய்வகத்தில் எனக்குக் கீழே பணியாற்றியவர். பிளவின் முகத்தில் வெண்படிகம் நார்நாராக, படிப்படியாக வளர்ந்திருந்தது. லிங்கம் அதை உள்ளங்கையால் தடவினார். “அத்தான், இது இறங்கியிருக்கு. தடவிப் பாருங்க. மீன் செதில் மாதிரி ஒரு பக்கந்தான் வழுக்குது” என்றார். கை ஒரு கருவியன்று என்று நான் சொன்னேன். ஆய்வகத்துக்குத் திரும்பிச் செய்த ஸ்லைடில் சுருள் வலஞ்சுழி. அதாவது ஏற்றம். லிங்கம் ஒப்பவில்லை, இறக்கமே என்று ஒரு சிறு குறிப்பை அச்சிட்டார்.

9.3.1984, வெள்ளிக்கிழமை, கருத்தரங்கில் என் ஸ்லைடைத் திரையில் காட்டினேன். “தம்பி கல்லைக் குப்புறப் போட்டுப் பார்த்துவிட்டார்” என்றேன். அவையில் நாற்பது பேர் இருந்தனர். எத்தனை பேர் சிரித்தனர் என்று குறித்துக்கொள்ளவில்லை. மே 31ஆம் தேதி லிங்கம் வேலையை விட்டு அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியரானார். அதன்பின் என் வீட்டுப் படி ஏறியதில்லை. கல்யாண வீடுகளில் அக்காவிடம் பேசுவார். நான் பந்திக்குச் சென்றுவிடுவேன்.

கல்லின் மறுபாதியைத் தேடவேண்டியதில்லை. பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பது அதுதான்.

14 ஜூன் 2023, புதன்கிழமை

மாலை 6.15. கொசு மிகுதி. உலகம்மாள் கொசுவத்திப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சுருள்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பார்கள்; பிரிக்கும்போது ஒன்றை உடைப்பது அவள் வழக்கம். இன்று உடையவில்லை. தாங்கியில் செருகி ஏற்றினாள்.

“சுருள் தலைகீழாக இருக்கிறது” என்றேன்.

“சுருளுக்கு ஏது தல, ஏது காலு?”

“நேற்று வலப்பக்கமாகச் சுற்றி எரிந்தது. இன்று இடப்பக்கமாக எரிகிறது.”

“பொரட்டிப் போட்டா அப்பிடித்தான் தெரியும். எப்பிடி வச்சாலும் எரியத்தான போவுது? கொசு வந்து வலமா இடமான்னு கேக்கப் போவுதா?”

அவள் அடுக்களைக்குப் போனபின் சுருளை எடுத்துப் புரட்டினேன். மறுபடியும் புரட்டினேன். விரலில் சிறு சூடு.

15 ஜூன் 2023, வியாழக்கிழமை

முட்டுக்கல்லைக் கழுவித் துடைத்தேன். சிவப்புச் சாயத்தில் நான் இட்ட மேல்நோக்கிய அம்பும் திசைக்குறியும் இன்னும் தெளிவாக உள்ளன. சீவிய முகத்தில் மூன்று கார்னெட்டுகள்: இடப்புறம் பட்டாணி அளவில் ஒன்று, வலப்புறம் மிளகளவில் இரண்டு. ஸ்லைடை அம்புக்கு அம்பு பொருந்துமாறு அதன்மேல் வைத்தேன். பட்டாணி வலப்புறம் வந்தது. மிளகுகள் இடப்புறம் வந்தன.

ஸ்லைடைப் புரட்டி வைத்தேன். மூன்றும் மூன்றின்மேல் அமர்ந்தன.

காலை 10.30க்கு ஒருமுறை, 12.00க்கு ஒருமுறை, 4.15க்கு ஒருமுறை பார்த்தேன்.

16 ஜூன் 2023, வெள்ளிக்கிழமை

பின்கதவுக்கு ஒரு மரக்கட்டை செய்து தரும்படி ஆசாரியிடம் சொன்னேன்.

19 ஜூன் 2023, திங்கட்கிழமை

1981ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். உள்ளதை உள்ளவாறே படி எடுக்கிறேன்:

“17.11.1981, செவ்வாய். லிங்கம் விடுப்பில் ஊர் சென்றுள்ளார். ஆய்வகப் பணியாளருக்குக் காய்ச்சல். சீவலை நானே ஒட்டினேன். பிற்பகல் 3.40 தந்தி: பெண். இருவரும் நலம். லிங்கம். மாலை ஸ்லைடில் அம்புக்குறி இட்டேன்.”

கண்ணாடியில் சீவலின் எந்த முகம் ஒட்டவேண்டுமோ அதற்கு மறுமுகம் ஒட்டப்பட்டிருக்கிறது. அம்பு இடும்போதும் அது கவனிக்கப்படவில்லை. ஒவ்வொரு ஸ்லைடையும் இருவர் சரிபார்ப்பது எங்கள் முறை. இரண்டாமவர் அன்று தென்காசியில் இருந்தார். பேறுகாலத்துக்கு நான் போயிருக்கவேண்டும் என்று உலகம்மாள் கருதியதுண்டு; அறிக்கை முடியவேண்டியிருந்ததால் எனக்குப் பதிலாக லிங்கம் போனார்.

அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறியிருக்கிறது. 1981 முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். வேறெந்தப் பக்கத்திலும் அப்படி இல்லை. மகிழ்ச்சியால் கவனம் சிதறியது என்று கருத இடமில்லை. நான் அப்படிப்பட்டவன் அல்லன்.

22 ஜூன் 2023, வியாழக்கிழமை

சாரல் தொடங்கியது. ஆசாரி கட்டையைக் கொண்டுவந்தார். கல்லைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

24 ஜூன் 2023, சனிக்கிழமை

கட்டை வழுக்குகிறது. கதவு நேற்று ஏழு முறையும் இன்று இதுவரை நான்கு முறையும் அடித்தது.

பேராசிரியருக்குப் பதில் எழுதினேன். ஸ்லைடை அனுப்பி வைப்பதாகவும், கல்லின் மறுபாதி கைவசம் இல்லை என்றும் தெரிவித்தேன். அது கட்டிலின் வசம் இருப்பதால் வாக்கியம் முற்றிலும் பொய்யன்று.

30 ஜூன் 2023, வெள்ளிக்கிழமை

மழை. எழுத ஒன்றுமில்லை.

3 ஜூலை 2023, திங்கட்கிழமை

மழை. ஸ்லைடை இன்னும் அனுப்பவில்லை. கூரியர்காரர் விடுமுறை என்று உலகம்மாளிடம் சொன்னேன். விடுமுறை நேற்று.

8 ஜூலை 2023, சனிக்கிழமை

காலை காப்பி ஆறிப்போகும்வரை உலகம்மாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“கல்ல எதுக்குக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கிய?”

“ஒளிக்கவில்லை. வைத்திருக்கிறேன்.”

“பதினாலு வருசமா நான் காலால தள்ளுத கல்லு. அதுக்குப் போயித் துண்டப் போத்தி வச்சிருக்கிய. சளியா பிடிச்சிருக்கு அதுக்கு?”

அவள் குரல் மாறியது.

“செம்பகம் பொறந்த அன்னைக்கு ஊரே வெள்ளக்காடு. நீங்க வரல. நான் ஒண்ணும் சொல்லல. லிங்கந்தான் குடையப் பிடிச்சிட்டு ஆசுபத்திரிக்கும் தபாலாபீசுக்குமா அலைஞ்சான். பிள்ளையத் தொடுததுக்கு முந்தி, அத்தானுக்குத் தந்தி குடுத்துட்டு வாறேன்னு ஓடினான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன சுழியோ என்ன மண்ணோ, எனக்குத் தெரியாது. அவன் போறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ இந்த வாசல்ல செருப்பக் கழத்தணும். திரும்பி வாறப்ப நாம இருப்பமோ, அவன் இருப்பானோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவள் எதையும் ‘வேண்டும்’ என்று கேட்டதாக என் குறிப்புகளில் இல்லை. குக்கர் வளையம் நீங்கலாக.

12 ஜூலை 2023, புதன்கிழமை

பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். தயக்கமாகப் பேசினார்.

“சார், ஒரு சின்னச் சிக்கல். அதே பிளவுல நான் ஒன்பது எடத்துல கல்லு எடுத்தேன். ஒன்பதும் இறங்கியிருக்குன்னுதான் சொல்லுது. உங்க ஸ்லைடு மட்டும் ஏறியிருக்குன்னு தனியா நிக்குது. ஆனா இதுவரைக்கும் எழுதின எல்லாரும் உங்களத்தான ஆதாரமாக் காட்டியிருக்காங்க. அதனால, முதல்ல ஏறுச்சு, பிற்காலத்துல இறங்குச்சு, ரெண்டு கட்டம்னு எழுதிரலாம்னு நெனைக்கிறேன். ரெண்டும் சரியாயிரும். உங்களுக்குச் சம்மதமா சார்?”

கண்ணியமான பெண். எனக்காக ஒரு மலையையே இருமுறை நகர்த்தத் துணிந்திருக்கிறார். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். நடவாத ஒன்று நடந்ததாக அச்சேறியிருக்கும், அதற்கும் நான் அடித்தளமாக இருந்திருப்பேன்.

திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டேன். ரயில் நேரம் பார்த்தேன்.

15 ஜூலை 2023, சனிக்கிழமை

காலைப் பயணிகள் ரயிலில் அம்பாசமுத்திரம் சென்றேன். எட்டு நிமிடம் தாமதம். கல்லின் எடை 4 கிலோ 300 கிராம். கல்யாண வீட்டு மஞ்சள் பையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். உலகம்மாளிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஆனால் ஒரு சம்புடத்தில் மனோகரம் வைத்துக் கொடுத்தாள். லிங்கத்துக்குப் பிடித்த பண்டம் அது. எனக்கு அதைக் கடிக்கப் பல் இல்லை.

கதவைத் திறந்தவர் லிங்கமே. தலை முழுதும் நரைத்திருந்தது. பின்னால் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“வாங்க அத்தான்” என்றார், நேற்றுப் பார்த்தவர்போல. “பையில என்ன, மாம்பழமா?”

“கல்.”

“சரிதான். கல்லுக்கு இந்த ஊர்லதான பஞ்சம்.”

நாற்காலியிலிருந்த துணிகளை அகற்றி என்னை உட்காரவைத்தார். நான் கல்லை மேசைமேல் வைத்தேன். ஸ்லைடை அம்புக்கு அம்பு பொருந்த அதன்மேல் வைத்தேன். “லிங்கம், இதைப் பாரும்” என்றேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். பிறகு இரு விரலால் ஸ்லைடை எடுத்து, புரட்டி, மீண்டும் வைத்தார். மூன்றும் மூன்றின்மேல் அமர்ந்தன.

“மாத்தி ஒட்டியிருக்கு” என்றார்.

“ஆம்.”

“யாரு ஒட்டுனது?”

“நான். 17 நவம்பர் 1981, செவ்வாய்க்கிழமை.”

“தேதிய மட்டும் சரியாச் சொல்லிருவிய.”

மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியத்தை ரயிலிலேயே அமைத்து வைத்திருந்தேன். கல்லிடைக்குறிச்சிப் பெரியவர் ஒருவர் இடையிடையே பேச்சுக் கொடுத்தபோதும் அதைக் கலையாமல் காத்து வந்தேன். மூன்று கிளைகளுடன் கூடிய நல்ல வாக்கியம். அது வெளிவரவில்லை. “தப்பு என்னோடது லிங்கம்” என்று மட்டும் வந்தது.

அவர் கல்லை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மறுபுறம் திருப்பினார். சீவாத அந்தப் பக்கத்தில் வெண்படிக நார்கள் இன்னும் ஒட்டியிருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே பேசினார்.

“அத்தான், நீங்க அன்னைக்குச் சொன்னதுல கோவம் இருந்தது, இல்லன்னு சொல்லல. ஆனா கோவத்துல நான் வேலைய விடல. திரையில உங்க சுருளப் பாத்தேன். அவ்வளவு தெளிவா இருந்துது. என் கைதான் பொய் சொல்லிட்டுன்னு நம்பிட்டேன். இந்தக் கைய வச்சிக்கிட்டு மலைல என்ன வேலைன்னு வந்துட்டேன். பொறவு ஒரு கல்லக் கூடத் தொட்டுப் பாக்கல. பிள்ளையளப் பாபநாசத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். அதுக தொட்டுத் தொட்டுப் பாக்கும். நான் கையப் பின்னால கட்டிட்டு நிப்பேன். முப்பத்தொம்பது வருசம்.”

“நான்கு மாதமும் ஆறு நாளும்” என்றேன். சொல்லியிருக்கவேண்டியதில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, பின் மறுபடி கழற்றித் துடைத்தார்.

பிறகு உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தார். மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார், வழுக்கிக்கொண்டு சென்றது. கீழிருந்து மேலே தடவினார், தட்டியது. என் கையையும் பிடித்து வைத்துத் தடவச் செய்தார். நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே நான் இதைச் செய்திருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று எப்படித் தவறு நேர்ந்தது என்று கேட்டார். விடுப்பு, காய்ச்சல், தந்தி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“அப்போ என் தந்திதான் காரணமா?” என்றார். “தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்த கூடச் சேத்திருப்பேன். ‘பெண். இருவரும் நலம். அம்புக்குறியைப் பார்க்கவும்’னு.”

நான் சிரித்தேன். ரயிலுக்குக் கிளம்பும்போது அவர் கேட்டார்: “அக்கா என்ன சொல்லுதா?”

“நீர் வீட்டுக்கு வரவேண்டுமாம்.”

“நீங்க என்ன சொல்லுதிய?”

எனக்கும் அதில் மறுப்பில்லை என்றேன்.

“உங்க வாயில இருந்து இவ்வளவு வந்ததே பெருசு” என்று மனோகரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

17 ஜூலை 2023, திங்கட்கிழமை. ஆடி முதல் தேதி.

பேராசிரியருக்கு எழுதிய மடலின் படி: “1984ஆம் ஆண்டு வெளியான என் கட்டுரையின் முடிவு தவறானது. ஸ்லைடு மறுமுகமாக ஒட்டப்பட்டது, ஒட்டியவன் நானே. இரண்டு கட்டம் என்பதற்கு என் ஸ்லைடைத் துணைக்கழைக்க வேண்டாம். கல்லின் மறுபாதி என்னிடம் உள்ளது. இல்லை என்று ஜூன் 24 அன்று எழுதியது உண்மையன்று. களத்திலேயே சரியாகச் சொன்னவர் திரு சு. குற்றாலலிங்கம். அவர் பெயரும் என் பிழையும் ஒரே பக்கத்தில் அச்சாகவேண்டும் என்பது என் வேண்டுகோள்.”

அனுப்புமுன் உலகம்மாளிடம் படித்துக் காட்டினேன். “மாத்தி ஒட்டிட்டேன்னு சொல்லுததுக்கு இவ்வளவு நீளமா?” என்றாள். ஆனால் மதியம் மோர் அவளே ஊற்றினாள்.

20 ஜூலை 2023, வியாழக்கிழமை

கல்லும் ஸ்லைடும் சென்னைக்கு அனுப்பப்பட்டன. பின்கதவு பதினோரு முறை.

26 ஜூலை 2023, புதன்கிழமை

11.05க்கு லிங்கம் வந்தார். உலகம்மாள் ஏழு மணியிலிருந்து வாசலில் வேலை இருப்பதுபோல் நடமாடிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அவள் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “எம்புட்டு மெலிஞ்சிட்ட. கனடாவுல சோறு போடுவாகளா மாட்டாகளா?” என்று உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் நெடுநேரம் தண்ணீர்க் குழாய் திறந்தே கிடந்தது. நான் போய் மூடவில்லை.

சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. லிங்கம் மூன்று முறை சாதம் வாங்கினார். கொல்லைக்குக் கைகழுவப் போனவர் திரும்ப நேரமாயிற்று. எட்டிப் பார்த்தேன். ஈரக்கையுடன் துவைகல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்தேன்.

பின்கதவு காற்றில் அடித்தது. லிங்கம் நாற்காலியை இழுத்துக் கதவை ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். மாலை 4.30 வரை அப்படியே அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை கதவு அடிக்கவில்லை.

28 ஜூலை 2023, வெள்ளிக்கிழமை

லிங்கம் விமான நிலையத்திலிருந்து உலகம்மாளை அழைத்தார். பிறகு என்னைக் கேட்டார். இருவரும் வானிலை பற்றிப் பேசினோம். வைக்கும்முன், “அம்புக்குறியப் பாத்துக்கிடுங்க அத்தான்” என்றார்.

மகள் செண்பகம் கோயம்புத்தூரிலிருந்து அழைத்தாள். நடந்ததை அம்மா சொல்லிவிட்டாளாம். “அப்பா, நான் பொறந்ததாலயா இவ்வளவும்?” என்றாள். அப்படி ஏதும் இல்லை என்று சொன்னேன்.

மாலை 6.20. உலகம்மாள் கொசுவத்தி ஏற்றினாள். வலமா இடமா என்று நான் பார்க்கவில்லை.

பழைய நாட்குறிப்பில் எதையும் திருத்துவதில்லை என்பது என் விதி. இன்று 17.11.1981 பக்கத்தின் ஓரத்தில், இன்றைய தேதியிட்டு, இரண்டு வரி சேர்த்தேன்:

“ஸ்லைடு மாற்றி ஒட்டப்பட்டது. அன்று நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.”